ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

வட கரோலினாவுக்குக் குடிவந்த நம் ஊர்க்காரர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ப்ளூ ரிட்ஜ் பார்க்வே முழுசும் ஒரு லாங் வீக்கெண்டில் ஓட்டிவிடலாமா?" ஓட்டலாம். ஆனால் திரும்பி வந்ததும் குழந்தைகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "முன்னாடி போன காரைப் பார்த்தேன்" என்றுதான் பதில் வரும்.

கணக்கைப் பாருங்கள். மலைத்தொடரின் மேலேயே போகும் இந்தச் சாலை, வர்ஜீனியாவில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் தெற்கு முனையில் தொடங்கி, வட கரோலினாவின் செரோக்கி ஊர் வரைக்கும் 469 மைல். அதிகபட்ச வேகம் மணிக்கு 45 மைல், பல இடங்களில் அதற்கும் குறைவு. வளைவும் மூடுபனியும் நின்று பார்க்கும் நேரமும் சேர்ந்தால், மணிக்கு 30 மைலுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1935இல், ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்காகவும் ஆரம்பித்த சாலை இது. முழுதாக முடிந்தது 1987இல். 52 வருடம் பிடித்துக் கட்டியதை மூன்று நாளில் முடிக்க நமக்கு என்ன அவசரம்?

அதனால் முதல் பயணத்துக்கு நான் சொல்வது தெற்குப் பகுதி மட்டும்: ஆஷ்வில்லை ஒட்டிய மலைகளும், அங்கிருந்து செரோக்கி வரைக்குமான துண்டும். உயரமான சிகரங்களில் பெரும்பாலானவை இங்கேதான். ராலேயிலிருந்து ஆஷ்வில் சுமார் 250 மைல், நான்கு மணி நேரம். ஷார்லட்காரர்களுக்கு அதில் பாதிதான்.

கிளம்புவதற்கு முன்

முதலில் தேதி. ஜூன் முதல் பாதியில் போனால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உச்சி மலைகளில் ரத்தச் சிவப்பாகப் பூக்குமே, அதன் ஒன்றுவிட்ட தங்கைதான். இங்கே நிறம் கத்தரிப்பூ. இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உச்சியில் அக்டோபர் தொடக்கத்திலேயே நிறம் மாறிவிடும். பிறகு வாரத்துக்கு வாரம் கீழே இறங்கி, மாதக் கடைசியில் ஆஷ்வில் பள்ளத்தாக்குக்கு வரும். ஆகவே தேதி தப்பிவிட்டால் கவலை வேண்டாம், கொஞ்சம் மேலேயோ கீழேயோ போனால் போதும். குளிர்காலத்தை மறந்துவிடுங்கள். பனி உறைந்தால் உப்புத் தூவி வழிவிட மாட்டார்கள், கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

அடுத்து தங்குமிடம். பார்க்வேயின் நெடுக எட்டு கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது மவுண்ட் பிஸ்கா, 408ஆவது மைலை ஒட்டி, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில். அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வெள்ளி, சனி இரவுகள் மாதக்கணக்கில் முன்னதாகவே போய்விடும். அக்டோபர் என்றால் கேட்கவே வேண்டாம். ஞாயிறு, திங்கள் இரவுகளுக்கு முயன்றால் இடமும் கிடைக்கும், அக்கம்பக்கத்தில் சத்தமும் குறைவு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், பொதுக் கழிப்பறை, குடிநீர்க் குழாய் உண்டு. டென்ட்டுக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் செய்யலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள்.

மூன்றாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பார்க்வேக்கான சாலை நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை திறந்திருக்கிறது என்று பட்டியலாகவே போட்டிருப்பார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் இந்த மலைகளைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன, சில இடங்களில் மலைச்சரிவோடு சாலையும் சேர்ந்து போனது. சீரமைப்பைத் துண்டு துண்டாகத்தான் செய்து திறக்கிறார்கள். போன மாதம் நண்பர் போய்வந்தார் என்பதெல்லாம் இங்கே செல்லாது. முதல் நாள் போகப்போகும் மிச்சல் சிகரம் மாநிலப் பூங்காவின் கீழ் வருவதால் அதற்குத் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

பார்க்வேக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பெட்ரோல் பங்க்கும் கிடையாது. விளம்பரப் பலகை இல்லை, லாரி இல்லை, சிக்னல் இல்லை. பாதி அழகே இந்த 'இல்லை'களில்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஆஷ்வில்லில் டேங்க்கை நிரப்பிவிட்டு ஏறுங்கள். நடுவில் தேவைப்பட்டால் 412ஆவது மைல் பக்கம் யுஎஸ் 276 நெடுஞ்சாலை, 443இல் யுஎஸ் 74 என்று கீழே இறங்க வழி உண்டு.

மைல்கல்லைப் படிக்கும் முறை

பார்க்வேயில் முகவரி என்பதே மைல் எண்தான். சாலையோரம் சின்ன மைல்கற்கள் வரிசையாக வரும். வடக்கு முனை 0, தெற்கு முனை 469. "க்ரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் 418.8" என்றால் 418ஐத் தாண்டி முக்கால் மைலுக்குச் சற்று மேல். போனில் மேப்பை நம்பி ஓட்டினால் இரண்டு சிக்கல். பல இடங்களில் சிக்னல் வராது. வந்தாலும், சீக்கிரம் போய்ச் சேர வைக்கும் ஆர்வத்தில் உங்களை அடுத்த சந்திப்பிலேயே கீழே இறக்கி இன்டர்ஸ்டேட்டில் விட்டுவிடும். அதனால் மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். நிற்க வேண்டிய இடங்களின் மைல் எண்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். மைல்கல்லைச் சத்தமாக வாசிக்கும் வேலையைப் பின்சீட்டில் இருக்கும் குழந்தையிடம் கொடுத்தால், வாந்தி வருகிறது என்ற புகாரும் கொஞ்சம் குறையும். (குறையாவிட்டால் எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா. ஊட்டி போகும்போது செய்ததேதான்.)

முதல் நாள்: 382இலிருந்து வடக்கே, பிறகு தெற்கே

ராலேயிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு ஆஷ்வில். 382ஆவது மைலில் இருக்கும் ஃபோக் ஆர்ட் சென்டரில் வண்டியை நிறுத்துங்கள். அப்பலாச்சிய மலைக் கைவினைஞர்களின் பொருட்கள் அங்கே இருக்கின்றன. நமக்கு முக்கியம் கழிப்பறையும், இலவசமாகக் கிடைக்கும் காகித மேப்பும்.

இங்கிருந்து 18 மைல் வடக்கே ஏறினால் க்ராகி கார்டன்ஸ். பார்வையாளர் மையத்தை அடுத்து வரும் சுரங்கத்தைத் தாண்டியதும், 364.1இல் க்ராகி டோம் காட்சிமுனை. அங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மைலுக்குள்தான். ஐந்து வயதுக் குழந்தையும் நடக்கும். வழி முழுக்க ரோடோடென்ட்ரான் கிளைகள் இரண்டு பக்கமும் வளைந்து தலைக்குமேல் கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஜூனில் போனால் காலடியில் உதிர்ந்த பூவை மிதிக்காமல் நடக்க முடியாது. மேலே போனதும் நான்கு திசையிலும் மலைதான், ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே. மரங்கள் வெளிவிடும் ஐசோப்ரீன் என்ற ஆவிதான் இந்த நீலப் புகைக்குக் காரணம் என்கிறார்கள். ப்ளூ ரிட்ஜ் என்ற பெயரைத் தமிழாக்கினால் நீலகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை அங்கேதான் கவனித்தேன்.

இன்னும் ஒன்பது மைல் வடக்கே, 355இல் பிரியும் என்சி 128 சாலை மிச்சல் சிகரத்துக்கு ஏறுகிறது. 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிட உயரமான மலை இல்லை. மீட்டரில் 2,037 என்று சொன்னால், நம் தொட்டபெட்டாவைவிட 600 மீட்டர் குறைவு என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். சொல்லட்டும். குளிரில் தொட்டபெட்டா தோற்றுவிடும். இந்தச் சிகரத்தின் உயரம் பற்றி எலிஷா மிச்சல் என்ற பேராசிரியருக்கும் அவருடைய பழைய மாணவர் தாமஸ் கிளிங்மனுக்கும் பெரிய வாக்குவாதம். தன் அளவு சரியென்று நிரூபிக்க 1857இல் மறுபடியும் மலையேறிய மிச்சல், ஓர் அருவியில் தவறி விழுந்து இறந்துபோனார். அவருடைய கல்லறை உச்சியிலேயே இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சிறிது தூரம்தான், நல்ல பாதை.

வீட்டிலிருந்து கிளம்பவே 8 மணிக்கு மேல் ஆகிவிட்டதென்றால் மிச்சலை விட்டுவிடுங்கள். க்ராகியை மட்டும் விடாதீர்கள். ஏனென்றால் மிச்சலிலிருந்து மவுண்ட் பிஸ்கா ஏறக்குறைய 60 மைல், இரண்டு மணி நேரம் ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட் அடித்தாக வேண்டும்.

இந்த வழியில் சுரங்கங்கள் தொடர்ந்து வரும். பார்க்வேயில் மொத்தம் 26 இருக்கின்றன, அதில் 25 வட கரோலினாவில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹெட்லைட் போடுங்கள். உள்ளே விளக்கு இருக்காது, சைக்கிள்காரர் இருப்பார். இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஏழு பேரும் சாமான்களும் ஏறிய மினிவேன் என்றால், கருகிய வாசனை வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

டென்ட், சமையல், கரடி

புது டென்ட்டை முதல்முதலாக மலையில் பிரிக்காதீர்கள். வீட்டு ஹாலில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அங்கேயே சண்டை போட்டு முடித்துவிடலாம். மேலே போர்த்தும் மழைத்துணி இல்லாத டென்ட் இந்த மலைக்கு ஆகாது. தரைக்கும் உடம்புக்கும் நடுவில் தடிமனான ஃபோம் பாய் வேண்டும், ஏனென்றால் குளிர் கீழிருந்துதான் ஏறும். ராலேயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேகும் ஜூலையில்கூட, பிஸ்காவில் ராத்திரி 55க்கு இறங்கும். "கோடைதானே" என்று ஒரே ஒரு பெட்ஷீட்டோடு போய், இரவு 2 மணிக்குக் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகக் கூடாது, பூங்காவின் விதியே அது. வெளியூர் விறகோடு வரும் பூச்சிகள் காட்டையே அழித்துவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவகைப் பேன்பூச்சியால் செத்துப்போன ஃப்ரேசர் ஃபிர் மரங்களைப் பிற்பாடு உயரமான இடங்களில் பார்ப்பீர்கள், சாம்பல் நிறக் குச்சிகளாக. வெப்பத்தில் பதப்படுத்தி முத்திரையிட்ட விறகுக்கட்டு கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள்.

சமையலுக்கு இரண்டு பர்னர் ப்ரொபேன் அடுப்பு போதும். 5,000 அடியில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து ஏமாந்து பருப்பைப் போட்டால் வேகவே வேகாது. சின்னக் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள். முதல் விசிலுக்குப் பக்கத்து டென்ட்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு தட்டில் பொங்கல் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது, அதனால் விசில் வேலையையும் 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். இட்லி மாவு எடுத்துப் போவதென்றால் டப்பாவில் பாதிதான் ஊற்ற வேண்டும். நான்கு மணி நேரக் கார்ப் பயணம், மேலே போகப் போகக் குறையும் காற்றழுத்தம், நடுவில் உருகிப்போன ஐஸ். ஒருமுறை எங்கள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு கூலர் முழுக்கப் பரவி, ஆப்பிள் ஒவ்வொன்றும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது.

இனி கரடி. இங்கே கருங்கரடிகள் நிஜமாகவே கேம்ப்கிரவுண்டுக்குள் வந்துபோகும். அவற்றுக்கு நம்மேல் அக்கறையில்லை, நம் சாப்பாட்டின்மேல்தான். தாளிப்பு வாசனையை மைல் கணக்கில் மோப்பம் பிடிக்கும் மூக்கு அது. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் மிச்சம் மீதி, குக்கர், எண்ணெய் பாட்டில், கூலர், குப்பைப் பை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டுங்கள். டூத்பேஸ்ட், சோப்பு, குழந்தையின் பாக்கெட்டில் இருக்கும் மிட்டாயும் இதில் சேர்த்தி. டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட்கூட இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை டென்ட் பக்கத்தில் கொட்டாமல் அதற்குரிய தொட்டியில் ஊற்றுங்கள். நாங்கள் முதல் தடவை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, மேசைமேல் ஓர் ஆவக்காய் பாட்டிலை மறந்துவிட்டோம். காலையில் பாட்டில் கீழே கிடந்தது, மூடியில் சின்னச் சின்னப் பல் தடம். ரக்கூனாகத்தான் இருக்கும். ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிப்போயிருந்தது. கரடியாக இருந்திருந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

கரடியை நேரில் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், போட்டோவுக்காக நெருங்கவும் வேண்டாம். குழந்தைகளைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, கையைத் தூக்கி உரக்கப் பேசியபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இரண்டாம் நாள்: நடக்கும் நாள்

கோடையில் இந்த மலைகளில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மொட்டை உச்சிகளில் அந்நேரம் இருக்கக் கூடாது. அதனால் காலையிலேயே, 8 மணிக்குள், 418.8இல் உள்ள க்ரேவ்யார்ட் ஃபீல்ட்ஸுக்குப் போய்விடுங்கள். வண்டி நிறுத்துமிடம் சின்னது. வார இறுதியில் 10 மணிக்குப் போனால் சுற்றிச் சுற்றித்தான் வரவேண்டும்.

பெயர் இடுகாட்டு வயல் என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. பாசி படர்ந்த பழைய அடிமரங்கள் கல்லறை மேடுகள்போல் தெரிந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். 1925இல் பெரும் காட்டுத்தீ இந்தப் பள்ளத்தாக்கைச் சுட்டெரித்தது. அதன் பிறகு மரம் பழையபடி வளரவேயில்லை. புதரும் புல்லுமாகத் திறந்து கிடப்பதால்தான் இத்தனை வானம் தெரிகிறது. படியில் இறங்கி, ஓடையைப் பாலத்தில் கடந்து வலப்பக்கம் போனால் சில நிமிடங்களில் கீழ் அருவி. குற்றாலப் பழக்கத்தில் அருவிக்கு அடியில் போய் நிற்க ஆசை வரும். வேண்டாம், பாறை வழுக்கும். இந்த மலைகளில் உயிரிழப்பு பலதும் கரடியால் அல்ல, அருவிப் பாறையால். காலை நனைத்துக்கொள்ளக் கீழே குளம்போல் இடம் இருக்கிறது, அது போதும். மேல் அருவிக்கு இன்னும் தூரம் நடக்க வேண்டும், கூட்டம் குறைவு. ஆகஸ்டில் வந்தால் பாதையோரப் புதர்களில் ப்ளூபெர்ரி, பறித்துத் தின்னலாம். கரடிக்கும் அதே எண்ணம்தான்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். ஜியார்டியா என்ற கிருமி இருந்தால் வயிறு வாரக்கணக்கில் அவதிப்படும். ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும்.

அடுத்து 420.2. இங்கே திரும்பும் காட்டுச்சாலையில் ஒரு மைலுக்குள் ஆர்ட் லோப் ட்ரெயில் என்ற நடைபாதை சாலையைக் கடக்கிறது. அங்கிருந்து ஏறினால் அரை மணியில் பிளாக் பால்சம் உச்சி, 6,214 அடி. எனக்கு இந்த வழியிலேயே பிடித்த இடம் இதுதான். கொஞ்ச தூரம் ஊசியிலைக் காட்டுக்குள் நடப்பீர்கள். கிறிஸ்துமஸ் மர வாசனை. திடீரென்று மரங்கள் முடிந்து வெறும் புல்வெளியும் பாறையும். நம் பக்கத்துச் சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே வந்த இடம்போலத் தோன்றும். பாதையில் தண்ணீரும் சேறும் இருக்கும், வெள்ளை ஸ்னீக்கர் வேண்டாம். மூடுபனி வந்தால் பத்தடிக்கு மேல் தெரியாது, பாதைகளும் பல கிளையாகப் பிரிகின்றன. அப்படி மூடினால் மேலே போகும் எண்ணத்தை விட்டுவிட்டு வந்த வழியே இறங்கிவிடுங்கள்.

ஒரு மணிக்கு முகாமுக்குத் திரும்பினால் தயிர்சாதம், தூக்கம். தெம்பு மிச்சம் இருந்து வானமும் ஒத்துழைத்தால், 407.6இலிருந்து பிஸ்கா சிகரத்துக்கு ஏறலாம். ஒரு பக்கம் ஒன்றரை மைல், கடைசிப் பாதி நல்ல ஏற்றம். உச்சியில் ஒரு டிவி கோபுரம் நின்று படத்தைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் முகாமுக்கு எதிரே உள்ள பிஸ்கா இன்னில் ஒரு காபி வாங்கிக்கொண்டு சூரியன் மறைவதைப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் சம்மதம்.

மூன்றாம் நாள்: செரோக்கிக்கு

61 மைல்தான், அவசரமில்லை. 422.4இல் டெவில்ஸ் கோர்ட்ஹவுஸ். அரை மைல் தார்ப்பாதை, ஆனால் மூச்சு வாங்கும் செங்குத்து. ஜூடகுல்லா என்ற பேருருவ வேட்டைக்காரன் இந்தப் பாறைக்குள் வாழ்கிறான் என்பது செரோக்கி மக்களின் நம்பிக்கை. வானம் தெளிவாக இருந்தால் நான்கு மாநிலங்கள் தெரியும். தடுப்புச் சுவரைத் தாண்டாதீர்கள். ஆபத்து என்பதோடு, அரிய செடிகள் அந்தப் பாறை இடுக்குகளில்தான் வளர்கின்றன.

431.4இல் ரிச்லண்ட் பால்சம், 6,053 அடி, பார்க்வேயின் மிக உயரமான இடம். பலகையோடு ஒரு போட்டோ, அவ்வளவுதான். 451.2இல் வாட்டர்ராக் நாப். மதிய உணவுக்கு இங்கே புல்வெளி இருக்கிறது. அரை மைல் ஏறினால் ஸ்மோக்கி மலைகள் முழுதாக எதிரே நிற்கும்.

அங்கிருந்து இறக்கம்தான். 469இல் பார்க்வே யுஎஸ் 441இல் முடிகிறது. இடப்பக்கம் செரோக்கி ஊர். 1830களில் இந்த மக்களை மேற்கே விரட்டியபோது போகாமல் மலைக்குள் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் இன்றும் வாழும் மண் அது. அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஓக்கனாலஃப்டி பார்வையாளர் மையம். அதன் பக்கத்து வயலில் மாலையில் எல்க் மான்கள் மேய வரும். இந்த மலைகளில் அற்றுப்போன இனத்தை 2001இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. சாதுவாகத் தெரிந்தாலும் கொம்பின் அகலத்தைப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இது ஸ்மோக்கி தேசியப் பூங்கா, பார்க்வே அல்ல. கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு 5 டாலர்.

திரும்பும்போது பார்க்வே வழியே வர நினைக்காதீர்கள். யுஎஸ் 74 பிடித்து, ஆஷ்வில் பக்கம் ஐ-40இல் ஏறினால் ராலேக்கு ஐந்து மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் டென்ட்டை அப்படியே கராஜில் போட்டுவிடத் தோன்றும். பிஸ்கா பனியில் அது கட்டாயம் ஈரமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை பால்கனியிலோ கொல்லையிலோ பிரித்துக் காயப்போடுங்கள். ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் எத்தனை தடவை அலசினாலும் போகாது.